அந்தக் கை ஆசீர்வதிக்கவில்லை

போன வெள்ளிக்கிழமை வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. சமையல் பண்ணும்போது பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே பேசுகின்றன. "யார் மேல இருக்கிற கோபம் இது, சொல்லிடு... என் மேல இல்லைன்னா நிம்மதியா பேப்பர் படிப்பேன்" என்கிறார் என் வீட்டுக்காரர். வழக்கமாக நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் அவரை வைத்துத்தான் சிரிப்பேன். இந்த வாரம் அவர் தப்பித்தார்.

எங்கள் ஷார்ஜா தமிழர் சங்கத்தின் பொங்கல் விழா. பொங்கல் எந்தக் கிழமையில் வந்தாலும் எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வரும், லீவு அன்றைக்குத்தானே! ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து, கோலப் போட்டி, மாறுவேடம், உறியடி, கடைசியில் வாழை இலைச் சாப்பாடு. இண்டஸ்ட்ரியல் ஏரியா கேம்ப்களில் இருக்கும் நம் ஊர்த் தொழிலாளர்களையும் பஸ் அனுப்பி அழைத்து வருவார்கள். நல்ல வழக்கம். குறை சொல்ல மாட்டேன்.

இந்த வருஷம் புதிதாக ஒரு புகைப்படக் கண்காட்சி. டிஜிட்டல் கேமரா வந்தாலும் வந்தது... எங்கள் சங்கத்தில் பாடுபவர்களைவிடப் படம் எடுப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பாடினால் காதை மட்டும்தான் பொத்திக்கொள்ள வேண்டும்!

ஹாலுக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரிலேயே முதல் பரிசுப் படம். சிவப்பு ரிப்பன் குத்தியிருந்தது. மலையடிவாரத்தில், பனி மூடிய ஒரு சின்ன கிராமத்துத் தேவாலயம். கூரையெல்லாம் வெள்ளை. கூர்மையான கோபுரம். முன்னால் கறுப்பு உடுத்த ஒரு வயதான அம்மாள். கையுறை போட்ட வலது கையை உயர்த்தி, உள்ளங்கையைப் பார்ப்பவர்களுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

கீழே தலைப்பு: ‘வெள்ளை ஆசி’.

"பாருங்க, அந்தக் கைதான் படத்தோட உயிர்" என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார் நடுவர். துபாயில் ஏதோ விளம்பரக் கம்பெனியில் இருப்பவர். "முன்பின் தெரியாத நம்மை, மொழி தெரியாத ஒரு தாய் ஆசீர்வதிக்கிறாள்!"

கைதட்டல் எழுந்தது. நான் தட்டவில்லை.

ஏனென்றால், அந்தப் படம் எடுக்கப்பட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்தக் கை யாரையும் ஆசீர்வதிக்கவில்லை.

அது, ‘வேண்டாம்’ என்று சொன்ன கை.

போன டிசம்பர் ஸ்கூல் லீவில் நாங்கள் ஒரு குரூப் டூரில் ஆஸ்திரியா போனோம். ஒரு பஸ் நிறைய அமீரகத் தமிழ்க் குடும்பங்கள். ஆல்ப்ஸ் மலையைப் பார்த்துக்கொண்டே புளியோதரை சாப்பிட்டோம். படத்தை எடுத்த மௌலி சாரும் அவர் மனைவி வசுமதியும் எங்களுக்கு முன் சீட். மௌலி சார் துபாயில் ஒரு கம்பெனியில் பெரிய மேனேஜர். என் வீட்டுக்காரருக்குக் கிட்னி ஸ்டோன் வந்து துடித்தபோது பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர் அவர்தான். கெட்ட மனுஷர் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் திட்ட வேண்டும்.

பர் துபாயில் வாங்கிய புது எஸ்.எல்.ஆர். கேமரா அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டே வந்தது. தூங்கும்போதுகூடக் கழற்றினாரா என்பது வசுமதிக்குத்தான் தெரியும்.

ஒரு மலைக் கிராமத்தில் டிரைவர் காபி குடிக்க பஸ்ஸை நிறுத்தினார். எதிரே அந்தத் தேவாலயம். பெரிய கோயில் ஒன்றும் இல்லை. நம் ஊர்க் கிளை நூலகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. சுற்றிலும் கல்லறைகள். இரும்புச் சிலுவைகளின் தலையில் பனி தொப்பி போட்டிருந்தது. சில கல்லறைகளில் சின்னக் கண்ணாடி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சத்தியமாக அழகு. வெயிலில் காய்ந்து வந்த ஷார்ஜாக் கண்களுக்கு அது சொர்க்கம்தான். நானே கைப்பையில் கேமராவைத் தேடினேன்.

அப்போது மணி அடித்தது. ஒரு அடி... கொஞ்சம் இடைவெளி... இன்னொரு அடி. கதவு திறந்தது. ஆறேழு பேர் ஒரு சவப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு படியிறங்கினார்கள்.

எங்கள் கைடு, அந்த நாட்டுப் பெண், முன் சீட்டிலிருந்து எழுந்து இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னாள்: "இது ஒரு இறுதிச் சடங்கு. தயவுசெய்து எல்லோரும் பஸ் பக்கத்திலேயே இருங்கள்."

தெளிவாகத்தானே சொன்னாள்? பிறகு என்ன நடந்தது தெரியுமா?

மௌலி சார் இறங்கினார். நேராக அந்தச் சின்ன கேட்டைத் திறந்துகொண்டு கல்லறைத் தோட்டத்துக்குள் போனார். அவர் போனதைப் பார்த்து இன்னும் நாலு பேர். நாலு பேரைப் பார்த்து பத்துப் பேர். ஒருவர் தன் மனைவியை ஒரு சிலுவைக்குப் பக்கத்தில் நிறுத்தி, "சிரி, சிரி... பல்லு தெரியற மாதிரி சிரி" என்கிறார். அந்தச் சிலுவைக்குக் கீழே யாரோ படுத்திருக்கிறார்கள், ஐயா! இன்னொருவர் சவப்பெட்டி தூக்கி வருபவர்களைப் பார்த்துக் கையால் ஜாடை காட்டுகிறார், கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நடக்கச் சொல்லி. கோபுரம் மறைக்கிறதாம்!

"மௌலி சார், வந்துடுங்க!" என்று நான் பஸ் படியிலிருந்து கத்தினேன்.

"ஒரே நிமிஷம் மேடம். லைட் போயிடும்" என்றார்.

ஒரு உயிர் போயிருக்கிறது... இவருக்கு லைட் போய்விடுமாம்!

பெட்டிக்குப் பின்னால் அந்த அம்மாள் தனியாக நடந்து வந்தார். போனது கணவரா, மகனா, தெரியாது. மௌலி சார் அவருக்கு நேர் எதிரே, வழியை மறித்த மாதிரி, ஒரு காலைப் பனியில் மடக்கி உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மாள் நின்றார். கேமராவைப் பார்த்தார். தலையை மெல்ல ஆட்டி, கையை உயர்த்தினார்.

கிளிக்.

அதுதான் ‘வெள்ளை ஆசி’.

நான் கேட்டை அடைவதற்குள் வசுமதி எனக்கு முன்னால் ஓடிவிட்டாள். அந்த அம்மாளுக்கு முன் போய் நின்றாள். ஜெர்மன் தெரியாது, இங்கிலீஷ் பேசலாமா என்பதும் தெரியாது. இரண்டு கைகளையும் கூப்பி, தலையைக் குனிந்தாள். அவ்வளவுதான். அந்த அம்மாள் அவள் மணிக்கட்டை ஒரு விநாடி பிடித்தார். பிறகு பெட்டிக்குப் பின்னால் நடந்து போனார்.

பஸ்ஸில் வசுமதி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தாள். மௌலி சார் கேமராவின் சின்னத் திரையைப் பின் சீட்டு வரைக்கும் அனுப்பிக் காட்டிக்கொண்டு வந்தார். "நேஷனல் லெவல்ல நிக்கும் சார் இது" என்று யாரோ சொன்னார்கள்.

ஒன்றே ஒன்று யோசித்துப் பாருங்கள். மதுரையில் எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்திருக்கிறது. பாடை கிளம்புகிறது. ஒரு பஸ் நிறைய வெள்ளைக்காரர்கள் இறங்கி, அழுகிறவளின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டி, "கொஞ்சம் தள்ளுங்க, மாலை தெரியலை" என்றால்? விடுவோமா? கேமராவும் மிஞ்சாது, பஸ் கண்ணாடியும் மிஞ்சாது.

இதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது என்னவென்றால், இதே மௌலி சார் இங்கே, அமீரகத்தில், எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை ஷாப்பிங் மாலில் வசுமதியைப் படம் எடுத்தார். பின்னால் ஒரு அரபுப் பெண்மணி கறுப்பு அபாயா அங்கி உடுத்து நடந்து போனார். படத்தில் விழுந்தாரா இல்லையா என்பதே சந்தேகம். மௌலி சாருக்கு முகம் வெளிறிவிட்டது. அங்கேயே நின்று அந்தப் படத்தை அழித்து, அந்தப் பெண்மணியின் கணவர் இருந்த திசையைப் பார்த்து "சாரி, சாரி" என்று நாலு தடவை சொன்னார். அவர்கள் எப்போதோ லிஃப்டில் போயிருந்தார்கள்!

அவர் மட்டுமா? நாம் எல்லோரும்தான். ருவைஸ் ரிஃபைனரியில் இருக்கும் என் சித்தப்பா மகன் கேமரா போன் வைத்துக்கொள்வதே இல்லை. "எதுக்குக்கா வம்பு, கேட்ல புடுங்கி வச்சிருவான்" என்பான். யாரைப் படம் எடுக்கலாம், எங்கே எடுக்கக் கூடாது... பாலர் வகுப்புப் பிள்ளைபோல நமக்கு எல்லாம் மனப்பாடம். நான் இத்தனை வருஷமாக இதை நம் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்திரியாவில்தான் தெரிந்தது... நாகரிகமும் இல்லை, மரியாதையும் இல்லை. வெறும் பயம். போலீஸ் இல்லாத ஊரில் இறக்கிவிட்டதும் அவிழ்ந்து விழுந்துவிட்டது.

சரி, ஹாலுக்கு வருகிறேன்.

சங்கச் செயலாளரைத் தேடிப் பிடித்தேன். பட்டு வேட்டியில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். "சார், அந்த அம்மா ஆசீர்வாதம் பண்ணலை. படம் எடுக்காதேன்னு சொன்னாங்க. அது ஒரு சாவு. நான் அங்க இருந்தேன்" என்றேன்.

"மேடம், பொங்கலும் அதுவுமா ஏன் மேடம் இழவைப் பத்திப் பேசறீங்க?"

"நான் பேசலை சார். நீங்கதான் அதைச் சுவத்துல மாட்டி ரிப்பன் குத்தியிருக்கீங்க."

அவர் என் காதருகே குனிந்தார். "விடுங்க மேடம். அந்தக் கிழவி எங்கே, நாம எங்கே? ஷார்ஜாவுக்கு வந்து பாக்கப் போறாங்களா என்ன?"

அதற்குள் மௌலி சாரே வந்துவிட்டார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டுதான் பேசினார். "எழுத்தாளர்னா ஆர்ட் புரியணும் மேடம். தெரியாம எடுக்கற கேண்டிட் ஷாட்டுக்கு பர்மிஷன் கேட்டா, அது கேண்டிட்டே இல்லை."

"நீங்க கேக்காமலேயே அவங்க பதில் சொன்னாங்களே சார்? அந்தப் பதிலைத்தானே பிரேம் போட்டு மாட்டியிருக்கீங்க?"

"பொறாமையா இருக்கா மேடம்?" என்றார். ஜோக்காம். செயலாளர் சிரித்தார். என் வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார். "வா, பந்தி போட்டுட்டாங்க" என்றார். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு பந்தி இருக்கிறது.

நான் நகரவில்லை. சுவரையே முறைத்துக்கொண்டு நின்றேன். மௌலி சாரின் இன்னொரு படமும் பக்கத்திலேயே தொங்கியது. கறுப்பு வெள்ளை. கட்டட வேலை நடக்கும் இடத்தில், லாரி நிழலில், அட்டையை விரித்து ஒரு தொழிலாளி தூங்குகிறார். மேலே சட்டை இல்லை. சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்திருக்கிறார். வாய் திறந்திருக்கிறது. பக்கத்தில் கவிழ்த்து வைத்த ஹெல்மெட். தலைப்பு: ‘உழைப்பின் தாலாட்டு’. இதற்கு ஆறுதல் பரிசு.

தலைப்பு வைப்பதில் மட்டும் நம் ஆட்களை மிஞ்ச முடியாது.

கேம்ப் பஸ் வந்துவிட்டது. தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு, கூச்சமாக உள்ளே வந்தார்கள். சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்ததால், வரிசையாகப் படங்களைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். ஒரு கும்பல் அந்த லாரி நிழல் படத்துக்கு முன்னால் நின்றது.

"ஏலே, இது நீதானடா!"

"ஆமாலே... இந்தா பாரு, கையில அந்தத் தழும்பு!"

"வாயப் பாரேன், ஈ போயி முட்டை போட்டுட்டு வந்துரும்!"

ஒரே சிரிப்பு. சிரிப்புக்கு நடுவில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். நீலச் சட்டை, மேல் பட்டன் வரை போட்டிருந்தார். படத்தின் கிட்டே போனார். பின்னால் வந்தார். திரும்பவும் கிட்டே போனார். பிறகு, பக்கத்தில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்ற ஒரே ஆள் நான் என்பதாலோ என்னவோ, என்னிடம் வந்தார்.

"அக்கா, இதை யாரு எடுத்ததுங்க?"

கையை நீட்டிக் காட்டினேன். அந்தக் காரியத்தை அன்று முழு மனதோடு செய்தேன்.

சின்னத்துரை அவர் பெயர். முதுகுளத்தூர் பக்கம். கம்பி கட்டுகிற வேலை. மௌலி சாரின் ஆபீஸுக்குப் பின்னால் எழுந்த ஒரு கட்டடத்தில் போன கோடையில் வேலை பார்த்திருக்கிறார். மதிய இடைவேளையில் படுத்திருக்கிறார். சார் சுவர் ஓரமாக நின்று எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மௌலி சாருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "அட, நீங்கதானா அது? வாங்க, வாங்க! என்ன ஒரு ஆச்சரியம்! இப்படி நில்லுங்க, படத்துக்குப் பக்கத்துல. ஒரு ஸ்நாப் எடுத்துடலாம்" என்று கேமராவைத் தூக்கிவிட்டார்.

அடுத்த தலைப்பும் ரெடியாகியிருக்கும்!

சின்னத்துரை நிற்கவில்லை. "சார், இதைக் கழட்டிருங்க" என்றார்.

"ஏன்? எவ்வளவு நல்லா வந்திருக்கு தெரியுமா? உங்க உழைப்பைப் பெருமைப்படுத்தித்தானே..."

"அதுல நான் எங்க சார் உழைக்கிறேன்? தூங்கிட்டுல்ல இருக்கேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மௌலி சார் சிரிக்கவில்லை. "இதுல தப்பா ஒண்ணுமே இல்லையே. இயல்பா இருக்கு. அதான் இதோட பியூட்டி."

சின்னத்துரை படத்தை இன்னொரு தடவை பார்த்தார். அவருக்குக் கோபமா, வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மெதுவாகத்தான் சொன்னார்.

"நான் முழிச்சிருந்தா, எந்திரிச்சு சட்டையப் போட்டிருப்பேன் சார்."



ஒரு மனுஷன் யாருக்கு முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்பது அவனுடைய முடிவு இல்லையா? அந்த ஆஸ்திரியா அம்மாளாவது விழித்திருந்தார், கையைத் தூக்கி மறுக்க முடிந்தது. இவர் கண் மூடியிருந்த நேரம் பார்த்து, மறுக்கும் வாய்ப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே!

செயலாளர் ஓடி வந்தார். பட்டு வேட்டி தடுக்கியது. அவருக்குக் கேம்ப் ஆட்களிடம் பேசுவதற்கென்று ஒரு தனிக் குரல் உண்டு. "அரே, என்னப்பா பிரச்சினை? கலாஸ், கலாஸ். இதெல்லாம் பெரிய விஷயமா? இலை போட்டாச்சு, போய்ச் சாப்பிடு போ. யல்லா!"

தமிழர் சங்கச் செயலாளர், இந்தியையும் அரபியையும் கலந்து முதுகுளத்தூர்க்காரரிடம் பேசிய தமிழ் இது.

"சாப்பிடத்தான் வந்தோம். சாப்பிடுறோம்" என்றார் சின்னத்துரை. "இதைக் கழட்டிட்டு வந்து சாப்பிடுறேன்."

சொன்னவர் அடுத்து என்ன செய்தார் என்கிறீர்கள்? எட்டி, படத்தை ஆணியிலிருந்து எடுத்தார். தரையில் குப்புற வைத்தார். பின்பக்கக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். அட்டையை எடுத்தார். புகைப்படத்தை மட்டும் உருவி, மடங்காமல் சுருட்டினார். கிளிப்புகளைத் திரும்ப மாட்டி, கண்ணாடியில் பட்ட கைரேகையைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"ஹலோ! ஹலோ மிஸ்டர், அது என் படம்!" என்றார் மௌலி சார்.

காலி பிரேமை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார் சின்னத்துரை. "பிரேம் உங்களுது சார். வச்சிக்கங்க. மூஞ்சி என்னுது."

கேம்ப் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக அவருக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. கை ஓங்கவில்லை. சும்மா நின்றார்கள். செயலாளர் அவர்களைப் பார்த்தார், மௌலி சாரைப் பார்த்தார், பிறகு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார்.

இதோடு முடிந்திருக்கும். ஆனால், சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வசுமதி வந்தாள். பரிமாறிக்கொண்டிருந்தவள்; புடவையை இடுப்பில் செருகியிருந்தாள், கையில் சாம்பார் கறை. என்ன நடந்தது என்று யாரிடமும் கேட்கவில்லை. கணவர் கையில் இருந்த காலி பிரேமைப் பார்த்தாள். சுருட்டிய படத்தோடு நின்ற சின்னத்துரையைப் பார்த்தாள். நேராகப் போய் முதல் பரிசுப் படத்தில் கை வைத்தாள்.

"வசு! என்ன பண்றே?"

"இறக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்றாள். "நான் அந்தம்மா பக்கத்துல நின்னேங்க. என் கையைப் பிடிச்சாங்க. அவங்க பாஷை எனக்குத் தெரியாது. ஆனா அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க. உங்களுக்கும் தெரியும். அன்னிக்கே தெரியும்."



பெரிய படம், கனமான கண்ணாடி. அவளால் தனியாக இறக்க முடியவில்லை. நான் ஒரு பக்கம் பிடித்தேன். இன்னொரு பக்கத்தை யார் வந்து பிடித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ‘வா, பந்தி போட்டுட்டாங்க’ என்று என்னைக் கூப்பிட்ட என் வீட்டுக்காரர்! கிட்னி ஸ்டோனுக்குக் காரில் கொண்டுபோனவரின் முகத்தைப் பார்க்காமல், தலையைக் குனிந்தபடியே பிடித்தார். மூன்று பேருமாகக் கீழே இறக்கி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். ரிப்பனை வசுமதி கழற்றிச் செயலாளர் கையில் கொடுத்தாள்.

பிறகு? பிறகென்ன... எல்லோரும் சாப்பிட்டோம். சின்னத்துரை இரண்டாம் தடவை சர்க்கரைப் பொங்கல் கேட்டு வாங்கினார். கோபித்துக்கொண்டு பட்டினியாகப் போக அவர் என்ன சங்கத்துக் கமிட்டி மெம்பரா? வசுமதிதான் பரிமாறினாள்.

இரண்டாம் பரிசு வாங்கியிருந்த ஒட்டகப் படம் முதல் பரிசுக்கு உயர்ந்தது. ஒட்டகத்திடமும் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால், அது சட்டை போடும் ஜாதி இல்லை.

மௌலி சார் மனம் மாறி மன்னிப்புக் கேட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. படத்தின் ஒரிஜினல் அவருடைய கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது. வசுமதி அதை அழிக்கச் சொல்லியிருக்கிறாள். "ரெண்டு நாளா சாப்பாடு, காபி எல்லாம் டேபிள்ல இருக்கு அக்கா... பேச்சு மட்டும் இல்லை" என்றாள் போனில். அவள் குரலில் வருத்தம் இருந்தது, பின்வாங்கல் இல்லை. செயலாளர் என்னை அடுத்த வருஷக் கோலப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிடப்போவதில்லை என்று தகவல். பரவாயில்லை. எனக்குக் கோலம் வராது.

சாப்பாடு முடிந்து பஸ் ஏறும்போது சின்னத்துரையிடம் கேட்டேன்: "இதை நான் பத்திரிகையில எழுதலாமா தம்பி? உங்க பேரை வேணா மாத்திடறேன்."

கொஞ்சம் யோசித்தார். பஸ்ஸுக்குள்ளிருந்து நண்பர்கள் கத்தினார்கள். "பேரை ஏன்க்கா மாத்துறீங்க?" என்றார். "நான் ஒண்ணும் தப்பு செய்யலையே? சின்னத்துரைன்னே போடுங்க. ‘த்’ போட்டு எழுதுங்க, பாஸ்போர்ட்ல இங்கிலீஷ்ல எழுதுறப்ப விட்டுட்டாய்ங்க."

போட்டிருக்கிறேன்.

வசுமதியிடமும் கேட்டேன். அவள் வேறு பெயர் கேட்டாள்; அதனால் வசுமதி அவள் பெயர் இல்லை, மௌலி சாரும் மௌலி சார் இல்லை. அவருடைய உத்தியோகத்தையும் ஆள் தெரியாமல் மாற்றியிருக்கிறேன்.

நேற்று மௌலி சார் என்னைக் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு கொதிப்பு.

"என்னைப் பத்தி எழுதப் போறீங்களாமே மேடம்? அதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

ஆக, கேட்க வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது!